ரெண்டு ஸ்ரீ

செல்லசாமிக்குக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பெயர்தான் அடிக்கத் தெரியும். பொண்டாட்டி பெயர். ஸ்ரீரஞ்சனி.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் தோட்டத்திலிருந்து காலை பஸ்ஸில் கினிகத்தேனைக்கு இறங்கிவிடுவார். டவுனில் ஹலீம் முதலாளியின் கொமினிகேசன். போட்டோ கொப்பி, போன் ரீலோட், கல்யாணக் கார்டு, கோவில் நோட்டீஸ் எல்லாம் அங்கேதான். கடை முதலாளி பெயரில் இருந்தாலும் கம்ப்யூட்டரில் உட்காருவது அவர் மனைவி ஸில்மியா. செல்லசாமி குடையை வாசலில் சாத்திவிட்டு வந்தால், ஸில்மியா ஒன்றும் கேட்காமல் கதிரையை விட்டு எழுந்து இடம் கொடுப்பாள்.

அவர் வருவது மண்சரிவில் அகப்பட்டவர்களுக்காக அரசாங்கம் போட்ட லிஸ்டைப் பார்க்க. நானூறு பக்கத்துக்கு மேலே. ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள், முகாமில் இருந்தவர்கள், கிடைத்த உடல்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்து, எந்த ஒழுங்கும் இல்லாமல். அதை வாசித்து முடிக்க யாராலும் முடியாது. மேலே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் பெயரை அடித்தால் கம்ப்யூட்டரே தேடித் தரும்.

செல்லசாமி ஒரு விரலால் அடிப்பார். முதலில் ஸ வரும். அதன் தலையில் புள்ளி விழும். பக்கத்தில் ர வந்து நிற்கும். பிறகு சுழியைத் தட்டியதும் மூன்றும் சட்டென்று ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஸ்ரீ ஆகிவிடும். அந்த இடம் வந்தால் ஒவ்வொரு தடவையும் அவருக்கு நெஞ்சு ஒரு குதி குதிக்கும். ஆள் வந்து வாசலில் நின்ற மாதிரி இருக்கும்.

மிச்சத்தையும் அடித்துவிட்டுத் தட்டுவார். பெட்டி தேடும். 'இல்லை' என்று வரும்.

அந்த 'இல்லை'யைக் கேட்கத்தான் அவர் வருகிறார் என்பது ஸில்மியாவுக்குத் தெரியும். முகம் தெளிந்துவிடும் மனுசனுக்கு. கிடைத்த உடல்களில் அவள் பெயர் இல்லை. அப்படியென்றால் எங்கேயோ இருக்கிறாள்.

மூன்றாம் மாதமோ நான்காம் மாதமோ ஹலீம் ஒரு யோசனை சொன்னார்.

"அண்ணே, முழுப் பேரும் ஏன் அடிக்கிறீங்க? வெறும் ரஞ்சனின்னு போட்டுப் பாருங்களே. எழுதினவன் எப்பிடி எழுதினானோ."

செல்லசாமி விரலைச் சுட்டுக்கொண்டவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டார்.

"அதெப்புடிங்க மொதலாளி? ஸ்ரீய எடுத்துட்டா அது செத்தவ பேரா ஆயிருமே. இருக்கிற பொம்பளைக்குப் பொட்ட அழிக்கச் சொல்றீங்களா?"

"நா அப்பிடிச் சொல்லல்ல அண்ணே."

"நீங்க சொல்லல. ஆனா நா அடிக்கக்கூடாதுங்க. என் கையால அடிக்கக்கூடாது."

ஹலீம் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். ஸில்மியாவிடமும், 'அவர்ட மனச நோகடிக்காத, பாதிப் பேரப் போட்டுத் தேடிராத' என்று சொல்லிவைத்தார். அரசாங்கக் கச்சேரியில் போய்க் கேட்டபோது அங்கேயும் ஒருவர் முழுப் பெயரை அடித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். கிராம சேவகரும் அப்படியே. பெட்டி எல்லோரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னது.

போன கார்த்திகையில் பெய்த மழை. ஐந்து நாள் விடாமல் கொட்டியது. அன்று காலை செல்லசாமி தேயிலை பெக்டரியில் இருந்தார். கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. ஈரக் கொழுந்தை விரித்துக்கொண்டிருந்தபோது மாடித் தரை ஒருதரம் அசைந்தது. மிசின் ஓடுவதாக நினைத்தார். பிறகுதான் மிசின் நின்றிருப்பது ஞாபகம் வந்தது. வெளியே வந்து பார்த்தால் அவர் குடியிருந்த மேல் டிவிசன் லயத்து வீட்டு வரிசை இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு பாதை. மலையை யாரோ நகத்தால் பிறாண்டிவிட்ட மாதிரி. மண் முழுக்க ஆற்றில் இறங்கியிருந்தது. பதினோரு பேர் போனார்கள். பத்துப் பேரை எடுத்தார்கள். ஸ்ரீரஞ்சனியை மட்டும் எடுக்கவில்லை.

இப்போது குடியிருப்பு தோட்டத்து மைதானத்தில் போட்ட தகரக் கொட்டில். செல்லசாமி தானே ரொட்டி தட்டுவார். இரண்டு பேருக்குத் தட்டுவார். கட்டச்சம்பலை இடித்து இரண்டு பீங்கானில் வைப்பார். ஒன்று அப்படியே இருக்கும். மத்தியானம் அதையும் அவரே சாப்பிடுவார்.

பெரட்டுக் களத்திலும் அப்படித்தான். காலையில் பழனியாண்டி கங்காணி கொழுந்துக்குப் போகிற பெண்களின் பெயரை வாசிப்பார். அவள் பெயரை வெட்டாதீங்க என்று செல்லசாமி காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டிருந்தார். பழனியாண்டியும் வெட்டவில்லை. "பூமாதேவி... ராசம்மா... ஸ்ரீரஞ்சனி..." என்று வாசித்து ஒரு மூச்சு நிறுத்துவார். மூடுபனிக்குள்ளே பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நிற்பார்கள். மழைத் தண்ணி அவர்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கில் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். பிறகு அடுத்த பெயர்.

அவளுடைய நிரையில் ஒருத்தியும் இறங்குவதில்லை. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிரை. பக்கத்து நிரைக்காரிகள் இரண்டு பக்கமும் கிள்ளிக்கொண்டு போவார்கள். நடுவில் அவளுடைய நிரை மட்டும் ஆள் உயரத்துக்கு எழும்பிவிட்டது. தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கையா ஒருதரம் சத்தம் போட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, அந்த நிரைய யாராச்சும் எடுங்களேன். காடா போச்சு."

"நீங்க வேணா எறங்கிப் பாருங்கய்யா," என்றாள் ராசம்மா. "பனி மூடுனா உள்ளுக்க நறுக்கு நறுக்குன்னு கிள்ளுற சத்தம் கேக்குது. அவ கை வேகம் எனக்குத் தெரியாதா? இருவத்தாறு வருசம் பக்கத்துல நின்னவ நானு."

கண்டாக்கையா இறங்கவில்லை.

ஐப்பசி பிறந்தது. வருசம் திரும்பப் போகிறது. கொழும்பில் கார்மெண்டில் வேலை செய்கிற மகள் வினோதா லீவு போட்டு வந்தாள். கொத்மலையிலிருந்து கொழுந்தியா பூரணியும் வந்து இறங்கினாள். பூரணி வந்தால் பேச்சுக்கு முன்னால் வேலைதான். மரவள்ளிக்கிழங்கை உரித்து அவியப் போட்டாள், தகரத்தில் ஒழுகுகிற இடத்துக்குக் கீழே சட்டியை வைத்தாள், அதற்குப் பிறகு ஆரம்பித்தாள்.

"மச்சான், கிஷாந்த் மாப்பிள்ள வீட்டுல என்ன சொல்றாங்க தெரியுமா?"

"என்ன சொல்றாங்க?"

"பொண்ணக் கட்டிக்கிறோம், தை மாசம் வச்சிக்கலாம்னு சொல்றாங்க. ஆனா தாய்க்குக் கருமாதி செய்யாத வீட்டுல எப்புடி தாலி கட்டுறதுன்னு கேக்குறாங்க. நியாயந்தானே?"

"உசிரோட இருக்கிறவளுக்குக் கருமாதி செய்யவா?"

"எங்க இருக்கா? காட்டுங்க, நானே போயி முடியப் புடிச்சி இழுத்துட்டு வாறேன். பன்னண்டு மாசம் புருசன வுட்டுட்டு அக்கா எங்க இருக்கா?"

"மண்டையில அடிபட்டு ஞாபகம் இல்லாம இருப்பா. ஏதாச்சும் சிங்கள ஊருல வச்சிப் பாத்துக்கிட்டிருப்பாங்க. லிஸ்ட்ல பேரு இல்ல பூரணி. செத்திருந்தா வரணுமா இல்லியா?"

"லிஸ்ட்டு, லிஸ்ட்டு! எமனா அது?"

வினோதா கிழங்குச் சட்டியையே பார்த்துக்கொண்டு இருந்தாள். மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, எனக்குக் கல்யாணம் பிந்தினா பரவாயில்ல. ஆனா நா கொழும்புல எந்தப் பொம்பள பின்னால கொண்டை போட்டுக்கிட்டுப் போனாலும் ஓடிப்போயி முகத்தப் பாக்கிறேன். பஸ்ஸ விட்டு எறங்கி ஓடிருக்கேன். அன்னைக்கி ஒரு நோனா ஏசிட்டாங்க. எனக்கு முடியலப்பா. அம்மா இருந்தா இருக்காங்கன்னு தெரியணும். இல்லாட்டி அழுது முடிக்கணும்."

செல்லசாமி கிழங்கை எடுத்துப் பிட்டார். வாயில் வைக்கவில்லை.

"ஞாயித்துக்கெழமை இன்னொருக்கா பாத்துட்டு வாறேன்," என்றார்.

அந்த வாரம் ஹலீம் கடையில் ஒரு வேலை நடந்தது. தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்கு நோட்டீஸ். பழைய நோட்டீஸ் ஒன்று சிங்களத்திலிருந்து கம்ப்யூட்டரே தமிழுக்கு மாற்றியது, புதிதாக ஸில்மியா அடித்தது ஒன்று, இரண்டையும் ஒட்டி ஒன்றாக்கினாள். கோவில் கமிட்டிக்காரர் வந்து, எல்லா இடத்திலும் ஸ்ரீயை எடுத்துவிட்டு அருள்மிகு என்று போடச் சொன்னார். அது பெரிய வேலை இல்லை. ஒரு ஸ்ரீயை அடித்து, எல்லாவற்றையும் மாற்று என்றால் கம்ப்யூட்டரே மாற்றிவிடும்.

மாற்றியது. ஆனால் பாதிதான் மாறியது. மிச்சம் ஐந்து ஸ்ரீ அசையாமல் நின்றன. ஸில்மியா திரும்பவும் தட்டினாள். 'இல்லை' என்றது பெட்டி. கண்ணுக்கு முன்னால் ஐந்து ஸ்ரீ. பெட்டி இல்லை என்கிறது.

அந்த 'இல்லை'யை ஒரு வருசமாக வேறொருவர் முகத்தோடு பார்த்துப் பழகியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை செல்லசாமி வந்தபோது கடையில் வேறு யாரும் இல்லை. ஹலீம் கதவைப் பாதி சாத்தி வைத்திருந்தார். ஸில்மியா கதிரையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இருங்க அண்ணே. தேத்தண்ணி ஒண்டு குடிங்க மொதல்ல."

"வேணாம் தங்கச்சி. அடிச்சிட்டுப் போறேன். பதினொன்னுக்கு பஸ்ஸு."

"குடிங்க அண்ணே," என்றார் ஹலீம். அவர் செல்லசாமியின் முகத்தைப் பார்க்கவில்லை.

இஞ்சி போட்ட தேத்தண்ணி. செல்லசாமி இரண்டு மிடறு குடித்தார்.

"என்னமோ நடந்திருக்கு. சொல்லுங்க."

ஸில்மியா கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் இரண்டு ஸ்ரீ பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"இந்த ரெண்டும் எப்பிடி இரிக்கு அண்ணே?"

"எப்புடின்னா? ரெண்டும் ஒன்னுதானே."

"நல்லாப் பாருங்க."

கிட்டப் போய்ப் பார்த்தார். ஒரே வளைவு, ஒரே வால். ரெட்டைப் பிள்ளை மாதிரி.

"ஒன்னுதான் தங்கச்சி."

"இப்ப நா பின்னுக்கு இருந்து ஒவ்வொண்டா அழிக்கிறேன். என்ன மிஞ்சுதுண்டு பாருங்க."

முதல் ஸ்ரீயின் பக்கத்தில் வைத்து ஒரு தட்டு. சுழி போனது. இன்னொரு தட்டு. ர போனது. ஸ் மிஞ்சியது. செல்லசாமிக்குத் தெரிந்த ஸ்தான். அவர் தலையாட்டினார்.

இரண்டாவது ஸ்ரீக்குப் போனாள். ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

ஶ்.

அவர் பார்த்தே இராத ஒரு எழுத்து அங்கே நின்றது. பள்ளிக்கூடத்திலும் பார்த்ததில்லை, கோவிலிலும் பார்த்ததில்லை. தெரிந்த முகத்தை உரித்தால் உள்ளே வேறொரு ஆள் இருந்த மாதிரி. செல்லசாமி கதிரையோடு பின்னுக்கு நகர்ந்தார்.

"இது என்னா?"

"இதுவும் ஒரு ச மாதிரித்தான் அண்ணே. நாங்க தமிழ்ல ஸ போட்டு ஸ்ரீ அடிக்கிறோம். சிங்களத்தில ஸ்ரீக்கு அடியில போடுறது வேற எழுத்து. சிங்களத்தில எழுதின பேர கம்ப்யூட்டரால தமிழுக்கு மாத்தினா அது இந்த எழுத்தத்தான் போடுது. வெளிய பாத்தா எனக்கும் ஒங்களுக்கும் ஒண்டுதான். இந்தப் பெட்டிக்கு மட்டும் வேற. நீங்க அடிச்ச ஸ்ரீய அது தேடிச்சு. மத்த ஸ்ரீய அது ஆளா மதிக்கவே இல்ல."

செல்லசாமிக்கு விளங்கிவிட்டது. விளங்காதது மாதிரி இருந்தார்.

"அப்ப?"

"அப்ப... நா மத்த ஸ்ரீய வச்சித் தேடினேன் அண்ணே. புதன்கிழமை."

ஹலீம் வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழும்பு பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு வளைவில் இறங்கியது.

"வாசி தங்கச்சி."

"முன்னூத்திப் பன்னெண்டாம் பக்கம்." ஸில்மியாவின் குரல் இறங்கிவிட்டது. "ஸ்ரீரஞ்சனி. பெண். வயது நாப்பத்தஞ்சுக்கும் அம்பதுக்கும் இடையில. ஆத்துல எடுத்தது. இடுப்புல சிலிசிலி பொலித்தீன் பேக்ல சுத்தி ஒரு கிளினிக் கொப்பி. பேர் மட்டும் வாசிக்கலாம். விலாசம் அழிஞ்சிட்டு. அடக்கம் செய்தது கித்துல்கலைக்குக் கீழ ஒரு ஊர் மயானத்தில, பதினெட்டாம் நம்பர்."

கிளினிக் கொப்பி. பிரஷருக்கு மாசம் ஒருதரம் போவாள். மழை என்றால் அதைத்தான் முதலில் சுற்றி இடுப்பில் சொருகுவாள். 'நகை இருக்கிற பொம்பள நகைய எடுப்பா, எனக்கு இருக்கிறது இதுதானே' என்று சிரிப்பாள்.

செல்லசாமி கேட்டார்.

"எத்தனாம் நாளு எடுத்திருக்கு?"

"மூணாம் நாள் அண்ணே."

"மூணாம் நாளு." திரும்பவும் சொல்லிப் பார்த்தார். "அப்ப நா மொத ஞாயித்துக்கெழமை இங்க வந்து ஒக்காந்தப்பவே அவ இதுக்குள்ளதான் இருந்திருக்கா. ஒரு வருசமா நா இவ பேர அடிக்க, இவ உள்ளுக்க இருந்துக்கிட்டு நாந்தான், நாந்தான்னு சொல்லிருக்கா. இல்லியா தங்கச்சி?"

ஸில்மியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மொதலாளி அன்னைக்கே சொன்னாரு. வெறும் ரஞ்சனின்னு போடச் சொன்னாரு. போட்டிருந்தா வந்திருப்பா. நாந்தான் விடல. பொட்ட அழிக்கமாட்டேன்னு சொல்லிப் பொண்டாட்டிய ஒரு வருசம் அனாதையாப் போட்டுட்டேன்."

"நீங்க போடல்ல அண்ணே. நீங்க அவங்கள உசிரோட வச்சிருந்தீங்க," என்றார் ஹலீம். ரோட்டைப் பார்த்தபடியேதான் சொன்னார்.

செல்லசாமி எழுந்தார். தேத்தண்ணிக் கோப்பையில் பாதி மிச்சம். அதைக் குடித்துவிட்டுக் குடையை எடுத்தார். மழை இல்லை. இருந்தும் விரித்துப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அடுத்த புதன்கிழமை மூன்று பேரும் போனார்கள். செல்லசாமி, வினோதா, பூரணி. கினிகத்தேனையிலிருந்து கீழே இறங்கும் பஸ். பொல்பிட்டியப் பக்கம் வந்ததும் ஆறு தெரிந்தது. வெயிலில் கண்ணாடி மாதிரி, ஒன்றும் தெரியாதது போல ஓடியது. செல்லசாமி ஆற்றுப் பக்கச் சீட்டில் இருந்தார். வினோதா இடம் மாறச் சொன்னாள். மாறவில்லை.

கித்துல்கலைக்குக் கீழே ஒரு கிராமம். ரப்பர் மரங்களுக்கு நடுவில் சின்ன மயானம். புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவர் வந்தார். பூரணிக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. விசயத்தைச் சொன்னாள். கிழவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மடித்துக் கட்டிய சாரத்தை மரியாதையாக இறக்கிவிட்டார். முன்னால் நடந்தார்.

ஒரே வரிசையில் இருபது மேடு. புல் ஒட்ட வெட்டியிருந்தது. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு பலகை. பத்தொன்பதில் நம்பர் மட்டும். பதினெட்டாவதில் நம்பருக்குக் கீழே சிங்களத்தில் கறுப்புப் பெயின்டால் பெயர். கிழவர் விரலை வைத்து வாசித்தார்.

"ஸ்ரீ ரஞ்சனீ."

அவ்வளவுதான். செல்லசாமி அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். பன்னிரண்டு மாசத்துச் சத்தமும் ஒன்றாக வந்தது. பெக்டரியில் பெரிய மிசினை முதல்தரம் ஓட்டும்போது வருகிற மாதிரி, எங்கேயோ அடியிலிருந்து. வினோதா அவர் முதுகில் விழுந்து கட்டிக்கொண்டாள்.

கிழவர் தள்ளி நின்று பூரணியிடம் பேசினார். பூரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தமிழில் சொன்னாள்.

"மச்சான், இந்த ஊருல ஏழாம் நாளு தானம் குடுத்திருக்காங்க. மூணு மாசத் தானமும் குடுத்திருக்காங்க. மத்தவங்களுக்குப் பேரு தெரியாது. அக்கா ஒருத்தி பேருதான் தெரியுமாம். அதனால இருவது பேருக்கும் சேத்து அக்கா பேரச் சொல்லித்தான் பன்சலையில புத்த சாமிமாரு பிரித் ஓதுனாங்களாம்."

செல்லசாமி கிழவரைப் பார்த்துக் கும்பிட்டார். கிழவரும் கும்பிட்டார்.

கொண்டுவந்த சாமானைப் பூரணி எடுத்து வைத்தாள். வாழைப்பழம், வெத்திலை, சூடம். ஒரு ரொட்டியும் கட்டச்சம்பலும். அது செல்லசாமி விடியக்காலையில் தட்டியது. ஒன்றுதான் தட்டியிருந்தார்.

வினோதா பையிலிருந்து தடித்த மார்க்கர் பேனாவை எடுத்தாள். கார்மெண்டில் பெட்டிக்கு நம்பர் போடுகிற பேனா.

"அப்பா, கீழ தமிழ்லயும் எழுதிர்றேன். நாளைக்கி நம்மாளுங்க வந்தா வாசிக்கணும்ல." மூடியைக் கழற்றிவிட்டுத் தயங்கினாள். "ஸ்ரீ போடவாப்பா?"

கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி பேனாவைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். செல்லசாமி பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எடுத்துட்டு எழுதும்மா," என்றார். "ரஞ்சனின்னு எழுது. இனிமே என்னாத்துக்கு?"

வினோதா குனிந்தாள். பேனா பலகையில் படுவதற்குள் பூரணி எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னா மச்சான் பேசுறீங்க? கிறுக்கா ஒங்களுக்கு?"

"ஏன்?"

"புருசன் செத்தாத்தான் பொம்பளைக்குப் பொட்டு அழியும். அக்கா ஒங்களுக்கு முந்திப் போனவ. மஞ்சளும் குங்குமமுமா போனவ. அவகிட்ட இருந்து ஸ்ரீய எடுக்க நீங்க யாரு? நீங்க செத்திருந்தா எடுத்திருக்கலாம். குத்துக்கல்லாட்டம் உசிரோட ஒக்காந்திருக்கீங்கல்ல?"

ஒரு வருசமாகச் செல்லசாமி எந்த எழுத்தைக் காவல் காத்தாரோ, அது அவள் செத்தாலும் போகாத எழுத்து. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழமை. நம்பிக்கையில் அவருக்கு அது மறந்தே போயிருந்தது.

"குடு," என்று மகளிடம் கையை நீட்டினார்.

பேனாவைப் பிடித்ததும் கை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றது. ஸ, புள்ளி, ர, சுழி என்று தட்டித் தட்டிப் பழகிய விரல். பிறகு அவள் கையெழுத்துப் போடுவது ஞாபகம் வந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சம்பள நாளில் பேனாவை இறுக்கிப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் ஸ்ரீ போடுவாள். வாலை நீளமாக இழுத்து மற்ற எழுத்துக்கெல்லாம் அடியில் கொண்டுபோய் விடுவாள். கணக்கப்பிள்ளை, 'ஏம்மா, ஒங்க பேரு பக்கத்து ஆளு கட்டத்துக்குப் போகுது' என்று சத்தம் போடுவார்.

செல்லசாமி அதே மாதிரிப் போட்டார். கையை எடுக்கவில்லை. வால் பலகையின் ஓரம் வரைக்கும் போனது. பிறகு மற்ற நாலு எழுத்தையும் அதற்கு மேலே உட்கார வைத்தார்.

பூரணி குங்குமத்தைத் தண்ணியில் குழைத்துப் பலகையில் ஒரு பொட்டு வைத்தாள்.

அடுத்த நாள் விடியற்காலை பனி இறங்கியிருந்தது. செல்லசாமி பெரட்டுக் களத்துக்குப் போய் ஓரமாக நின்றார். பழனியாண்டி கங்காணி வாசித்துக்கொண்டு வந்தார். "பூமாதேவி... ராசம்மா..." அவரைக் கண்டதும் நிறுத்தினார்.

"வாசிங்கண்ணே," என்றார் செல்லசாமி. "கடைசியா ஒருக்கா வாசிங்க."

"ஸ்ரீரஞ்சனி."

சாக்குகளில் தண்ணி சொட்டியது. செல்லசாமி ஒரு மூச்சுக்குக் காத்திருந்தார். பிறகு பதில் சொன்னார்.

"அவ மலைய விட்டு எறங்கிட்டாண்ணே. வெட்டிருங்க."

பழனியாண்டி பேனாவை எடுத்தார். ராசம்மா கூடையை மாட்டிக்கொண்டு மேலே ஏறினாள். அன்று அவள் தன்னுடைய நிரைக்குப் போகவில்லை. ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்ற பக்கத்து நிரைக்குள் இறங்கினாள். பனிக்குள்ளிருந்து நறுக்கு நறுக்கென்று கிள்ளுகிற சத்தம் கேட்டது. அது யாருடைய கை என்று இந்தத் தடவை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.